ஓடுவதும் உரிமமும் வேறு: மேசைக்கணினியைச் சர்வராகப் பயன்படுத்தும்போது தெரிந்திருக்க வேண்டியவை

சிறிய அலுவலகங்களில் கணினி வாங்கும்போது அடிக்கடி காதில் விழும் யோசனை ஒன்று உண்டு. "சர்வருக்கென்று தனியாகச் செலவு செய்யாதீர்கள். நல்ல கணினியாக ஒன்றை வாங்கி, விண்டோஸ் புரோ போட்டு, எல்லோருக்கும் பகிர்ந்துவிடுங்கள். எல்லாம் ஓடும்." இதற்கு நேர்மாறான எச்சரிக்கையும் அதே அளவு புழங்குகிறது. "டெஸ்க்டாப் விண்டோஸில் 20 பேருக்கு மேல் இணையவே முடியாது."

இரண்டும் அரைகுறை உண்மைகள். முதல் யோசனை, ஒரு கணினியால் முடிகிற காரியத்தையும் அதற்கு அனுமதி இருக்கிற காரியத்தையும் ஒன்றாகக் குழப்புகிறது. இரண்டாவது, எதை எண்ண வேண்டும் என்பதையே தவறாகச் சொல்கிறது. இந்தக் குழப்பத்தால் சிலர் தேவையில்லாத சர்வருக்குப் பணம் கட்டுகிறார்கள். வேறு சிலர் பல ஆண்டுகளாக உரிமத்தை மீறிக்கொண்டே, அது தெரியாமல் தொழில் நடத்துகிறார்கள். விஷயம் அவ்வளவு கடினமானதல்ல. நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் எவருக்கும் புரியும்.

சர்வர் என்பது ஒரு வேலை

ஒரு நிரல் காத்துக்கொண்டிருக்கிறது. வேறொரு கணினி "இந்தக் கோப்பைக் கொடு", "இந்தப் பக்கத்தை அனுப்பு", "இந்த வாடிக்கையாளரின் பாக்கி எவ்வளவு" என்று கேட்கிறது. காத்திருந்த நிரல் பதில் தருகிறது. இப்படிக் காத்திருந்து பதில் தரும் நிரல்தான் சர்வர் மென்பொருள். இதற்குத் தனி வகை இயந்திரம் எதுவும் தேவையில்லை. உங்கள் மடிக்கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்த அந்தக் கணமே அது கோப்புச் சர்வராகிவிடுகிறது.

இயங்குதளம் என்பது நினைவகம், வட்டு, நெட்வொர்க் ஆகியவற்றை நிரல்களுக்குப் பங்கிட்டுத் தரும் அடிப்படை மென்பொருள். மைக்ரோசாஃப்ட் தன் இயங்குதளத்தை இரண்டு வரிசைகளாக விற்கிறது. விண்டோஸ் 11, அதற்கு முன் விற்ற விண்டோஸ் 10 முதலியவை மேசைக்கணினிக்கு. விண்டோஸ் சர்வர் 2022, 2025 முதலியவை சர்வர் வேலைக்கு. முதல் வரிசையை வாங்கி இரண்டாம் வரிசையின் வேலையை வாங்கினால் என்ன ஆகும் என்பதுதான் நம் கேள்வி.

ஒரே மின்சாரம், இரண்டு கட்டணம்

வீட்டுக்கு வரும் மின்சாரமும் அடுத்த கட்டடத்துக் கடைக்கு வரும் மின்சாரமும் ஒரே கம்பத்திலிருந்துதான் வருகின்றன. ஆனால் வீட்டுக்கு ஒரு கட்டண வகை, வணிகத்துக்கு வேறொரு கட்டண வகை. வீட்டு இணைப்பில் ஜெராக்ஸ் கடை நடத்தினால் இயந்திரம் தடையின்றி ஓடும். ஆனாலும் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவு, அனுமதித்த நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்துவதை அங்கீகாரமற்ற பயன்பாடு என்கிறது. அதிகாரிகள் கண்டுபிடித்தால் அந்தப் பயன்பாட்டுக்கு உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கட்டச் சொல்லலாம்.

அதே வீட்டில் ஃபியூஸ் கட்டையும் இருக்கிறது. அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் ஃபியூஸ் போய்விடும். அது வீடா கடையா என்று பார்ப்பதில்லை. கட்டண வகையோ எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பதைவிட எதற்காக இழுக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது.

கணினியிலும் இதே மூன்று அடுக்குகள் உண்டு. கம்பி எவ்வளவு தாங்கும் என்பது வன்பொருளின் திறன். ஃபியூஸ் என்பது நிரல்வழிக் கட்டுப்பாடு, அதாவது இயங்குதளத்தின் நிரலிலேயே எழுதிவைத்த வரம்பு. கட்டண வகை என்பது உரிமக் கட்டுப்பாடு. உரிமம் என்றால் மென்பொருளை எப்படி, எவ்வளவு பயன்படுத்தலாம் என்று அதன் உரிமையாளர் தரும் நிபந்தனையுடன் கூடிய அனுமதி. விண்டோஸ் வாங்கும்போது நம் கைக்கு வருவது இந்த அனுமதி மட்டுமே.

சுருக்கமாக, ஒரு காரியம் ஓடுகிறது என்றால் முதல் இரண்டு அடுக்குகள் அதைத் தடுக்கவில்லை என்று மட்டுமே பொருள். மூன்றாவது அடுக்கைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

1996இல் வெடித்த சண்டை

இந்த அடுக்குகள் தனித்தனி என்பது உலகத்துக்கே வெட்டவெளிச்சமான ஆண்டு 1996. அப்போது மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் என்டி 4.0ஐ வெளியிடத் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் வொர்க்ஸ்டேஷன், சர்வர் என இரண்டு பதிப்புகள். வொர்க்ஸ்டேஷன் விலை சுமார் 300 டாலர். சர்வர் விலை ஏறத்தாழ 1000 டாலர். இணையம் வேகமாகப் பரவத் தொடங்கியிருந்த காலம் அது. ஓரைலி நிறுவனம் 'வெப்சைட்' என்ற பெயரில் ஒரு வலைச் சர்வர் மென்பொருளை விற்றுவந்தது. விலை குறைந்த வொர்க்ஸ்டேஷனில் அது நன்றாகவே ஓடியது.

வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் ஒரு ஃபியூஸைச் செருகியது. 10 நிமிடங்களுக்குள் 10 வெவ்வேறு ஐபி முகவரிகளுக்கு (நெட்வொர்க்கில் கணினிகளை அடையாளம் காட்டும் எண்களுக்கு) மேல் வொர்க்ஸ்டேஷனோடு இணைய முடியாது என்ற வரம்பு அது. வலைத்தளம் நடத்த இது போதவே போதாது. ஓரைலியின் நிறுவனர் டிம் ஓரைலி பகிரங்கமாக எதிர்த்தார். உலாவியும் வலைச் சர்வர் மென்பொருளும் விற்றுவந்த நெட்ஸ்கேப் நிறுவனம் அமெரிக்க நீதித்துறையிடம் முறையிட்டது. மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது, ஆனால் பாதி தூரம்தான். நிரலில் இருந்த வரம்பை நீக்கியது. உரிம ஒப்பந்தத்தில் 10 என்ற வரம்பை அப்படியே வைத்துக்கொண்டது. ஃபியூஸைக் கழற்றிவிட்டுக் கட்டண வகையை விட்டுவைத்தார்கள் என்று சொல்லலாம். இன்றுவரை தொடரும் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

அதே ஆண்டில் இன்னொரு உண்மையும் வெளிவந்தது. ஆண்ட்ரூ ஷுல்மன், மார்க் ருசினோவிச் போன்ற வல்லுநர்கள் இரண்டு பதிப்புகளையும் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் மையக்கரு, அதாவது இயங்குதளத்தின் உள்மையமான நிரல், ஒன்றே. ரெஜிஸ்ட்ரி எனப்படும், இயங்குதளம் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவேட்டில் உள்ள ஓரிரு மதிப்புகளைப் பார்த்துத்தான் "நான் வொர்க்ஸ்டேஷனா, சர்வரா" என்று அது முடிவு செய்தது. என்டி 4.0இல் அந்த மதிப்புகளைக் கண்காணிக்கவே தனிக் காவல் நிரல் ஓடியது. யாராவது மாற்ற முயன்றால், பொருள் வகையைத் திருத்த முயன்றது கண்டறியப்பட்டது, இது மென்பொருள் உரிம மீறல் என்று திரையில் எச்சரிக்கை வந்து நின்றது.

மைக்ரோசாஃப்டின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மையக்கரு ஒன்றானாலும் அந்த மதிப்பைப் பொறுத்து அது நடந்துகொள்ளும் விதம் மாறுகிறது. மேசைக்கணினியில், நீங்கள் கண்முன் திறந்துவைத்திருக்கும் நிரலுக்கு முன்னுரிமை கிடைக்கும். ஒவ்வொரு நிரலுக்கும் குறுகிய நேரத் துண்டுகள் தரப்படும். சர்வரில் அந்தத் துண்டு ஆறு மடங்கு நீளமானது. பின்னணியில் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் நிரல் இடையில் நிற்காமல் வேலையை முடிப்பதற்கு இந்த ஏற்பாடு. சர்வர் பதிப்போடு கூடுதல் சேவைகளும் சேர்ந்து வந்தன. ஆகவே இரண்டும் அச்சு அசல் ஒன்றே என்று சொல்வது மிகை. ஆனால் 10 என்ற எண் பொறியியலிலிருந்து பிறக்கவில்லை என்பதும் உறுதி.

20 என்பது எதன் எண்ணிக்கை?

விண்டோஸ் எக்ஸ்பியில் புரோ பதிப்புக்கு 10, ஹோம் பதிப்புக்கு 5 என்று வரம்பு இருந்தது. விண்டோஸ் 7 முதல் அது 20 ஆனது. விண்டோஸ் 10, 11 உரிமங்களிலும் அதே எண்தான்.

உரிமம் சொல்வதைக் கிட்டத்தட்ட அப்படியே தமிழில் தருகிறேன். உரிமம் பெற்ற கணினியில் உள்ள மென்பொருளை வேறு 20 சாதனங்கள் வரை அணுக அனுமதிக்கலாம். ஆனால் கோப்புச் சேவை, அச்சுச் சேவை, ஐஐஎஸ் என்னும் மைக்ரோசாஃப்டின் வலைச் சேவை, இணைய இணைப்புப் பகிர்வும் தொலைபேசிச் சேவையும் ஆகிய இந்த அம்சங்களுக்காக மட்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, எண்ணப்படுவது சாதனங்கள். ஆட்களோ திறந்திருக்கும் கோப்புகளோ அல்ல. ஓர் அலுவலகத்தில், பகிரும் கணினியைத் தவிர, 14 கணினிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பகிர்ந்த கோப்புறையைத் திறந்து பார்க்க 6 பேர் தங்கள் கைபேசியையும் இணைத்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்த தாளை நேரே பகிர்ந்த கோப்புறையில் போட்டுவைக்கும் அச்சுப்பொறி ஒன்றும் இருக்கிறது. 14 பேர் வேலை செய்யும் இடம்தானே என்று நினைப்போம். சாதனக் கணக்கோ 21. வரம்பைத் தாண்டிவிட்டது, அதுவும் ஓர் அச்சுப்பொறியால்.

இரண்டாவது, 'ஒரே நேரத்தில்' என்ற சொல் அந்த வாசகத்தில் இல்லை. 30 கணினிகள் முறைவைத்துக்கொண்டு இணைந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்வதற்கு உரிமத்தில் ஆதாரமில்லை. மூன்றாவது, நடுவில் ஒரு கணினியை வைத்து 50 பேரின் கோரிக்கைகளைத் திரட்டி ஒரே இணைப்பாக அனுப்பினால் கணக்கு ஒன்றாகிவிடாது. எக்ஸ்பி காலத்து உரிமம் இதை வெளிப்படையாகவே சொன்னது: இணைப்புகளைத் திரட்டும் கருவிகள் வழியாக வரும் மறைமுக இணைப்புகளும் அந்தப் பத்தில் அடக்கம்.

ஃபியூஸ் எங்கெல்லாம் இருக்கிறது?

கோப்புப் பகிர்வில் இருக்கிறது. விண்டோஸ் 10இல் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'நெட் கான்ஃபிக் சர்வர்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். வரும் பட்டியலில் அதிகபட்சப் பயனர்கள் என்ற வரிக்கு எதிரே 20 என்றிருக்கும். வரம்பு நிறைந்தபின் அடுத்து வருகிற கணினிக்கு, ஏற்கக்கூடிய இணைப்புகள் எல்லாம் ஏற்கப்பட்டுவிட்டன, இப்போது மேலும் இணைய முடியாது என்ற பொருளில் 71 என்ற எண்ணுடன் பிழைச்செய்தி வரும்.

இந்தப் பிழை காலையில் வந்து மதியம் தானாகச் சரியாகிவிடுவதுபோல் தோன்றும். அதற்குக் காரணம் இருக்கிறது. 15 நிமிடங்கள் சும்மா கிடக்கும் இணைப்பை விண்டோஸ் தானே துண்டித்துவிடும். ஆகவே எல்லோரும் ஒன்றாக வேலையைத் தொடங்கும் நேரத்தில் நெருக்கடி, பிறகு தளர்வு. "நெட்வொர்க் கேபிளில் கோளாறு" என்று சொல்லி, கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியை மாற்றும் இடங்கள் உண்டு. ஸ்விட்ச் மேல் எந்தக் குற்றமும் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: இந்த ஃபியூஸ் அந்த நேரத்தில் உயிரோடிருக்கும் இணைப்புகளை எண்ணுகிறது, உரிமமோ சாதனங்களை எண்ணுகிறது. எண் ஒன்றானாலும் எண்ணப்படுவது வேறு.

ஐஐஎஸ் சேவையிலும் வரம்பு உண்டு; காலத்துக்குக் காலம் அது மாறியிருக்கிறது. எக்ஸ்பியில் 10 இணைப்புகளைத் தாண்டினால் பிழைச்செய்தியோடு திருப்பி அனுப்பியது. விஸ்டாவில் ஹோம் பிரீமியம் பதிப்பு ஒரே நேரத்தில் 3 கோரிக்கைகளையும் பிசினஸ், அல்டிமேட் பதிப்புகள் 10 கோரிக்கைகளையும் கவனித்தன. மீதியைத் திருப்பாமல் வரிசையில் நிறுத்தின.

ரிமோட் டெஸ்க்டாப், அதாவது தொலைவிலிருந்து ஒரு கணினியின் திரைக்குள் நுழைந்து வேலை செய்யும் வசதி, இன்னும் கறாரானது. ஹோம் பதிப்பில் உள்ளே வர அனுமதியே இல்லை. புரோ பதிப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். வெளியிலிருந்து ஒருவர் நுழைந்தால் கணினி முன் அமர்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். இதை உடைத்து ஒரே புரோ கணினியில் ஐந்தாறு பேரை உட்கார வைக்கும் நிரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. சிலர் அதைச் சேவையாகவே விற்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அது தெளிவான உரிம மீறல். போதாததற்கு, அவை விண்டோஸின் உட்கோப்புகளோடு விளையாடுவதால் அடுத்த புதுப்பிப்பு வந்ததும் நின்றுபோகக்கூடும். அதற்குப் பயந்து பாதுகாப்புப் புதுப்பிப்புகளையே நிறுத்திவைப்பவர்களும் உண்டு. கணக்குகள் முழுவதும் இருக்கும் கணினிக்கு இது பெரும் ஆபத்து.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் விண்டோஸ் 10 என்று ஒன்று இல்லாமலும் இல்லை. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் அஷ்யூர் மேகச் சேவையில் பல்லமர்வு விண்டோஸ் 10 என்டர்பிரைஸைக் கொண்டுவந்தது. உங்கள் மேசையில் கிடைக்காத வசதி அங்கே வாடகைக்குக் கிடைக்கிறது. தன்னை எந்த வகை இயங்குதளம் என்று நிரல்களிடம் அறிவிக்கும் இடத்தில் அந்தப் பதிப்பு விண்டோஸ் சர்வருக்குரிய எண்ணையே சொல்கிறது.

அப்பாச்சியும் மைசீக்வலும்

இதுவரை பார்த்தவை விண்டோஸோடு வரும் சேவைகள். அப்பாச்சி வலைச் சர்வரையோ மைசீக்வல் தரவுத்தளத்தையோ விண்டோஸ் 11இல் நிறுவினால் என்ன? ஃபியூஸ் இல்லை. நூறு கணினிகள் வந்து இணைந்தாலும் விண்டோஸ் தடுக்காது.

தடுக்கும் என்ற நம்பிக்கைக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2004இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, ஒரு கணினியிலிருந்து வெளியே செல்லும், இன்னும் முழுமையடையாத இணைப்பு முயற்சிகளை ஒரு நேரத்தில் 10 என்று கட்டுப்படுத்தியது. கணினிப் புழுக்கள் வேகமாகப் பரவுவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. உள்ளே வரும் இணைப்புகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்னர் வந்த விண்டோஸ் 7இல் அந்த வரம்பு இல்லை. ஆனால் இரண்டிலும் 10 என்ற எண் இருந்ததால் மக்கள் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டது.

ஃபியூஸ் இல்லை, சரி. கட்டண வகை? விண்டோஸ் 10, 11 உரிமத்தின் தடைப் பட்டியல், இந்த மென்பொருளைச் சர்வர் மென்பொருளாகப் பயன்படுத்தக் கூடாது, வணிகரீதியான ஹோஸ்டிங்குக்கு, அதாவது பிறருடைய தளங்களையோ நிரல்களையோ கட்டணத்துக்கு வைத்து நடத்துவதற்கு, பயன்படுத்தக் கூடாது என்கிறது. விதிவிலக்காக அனுமதித்த சேவைகளின் பட்டியலில் அப்பாச்சியோ மைசீக்வலோ இல்லை. அப்பாச்சியின் உரிமம் தாராளமானது, எங்கும் ஓட்டலாம் என்பது உண்மை. ஆனால் அது அப்பாச்சிக்குத் தரும் அனுமதி. அடியில் இருக்கும் விண்டோஸுக்கு அது எந்த அனுமதியையும் வாங்கித் தராது. இரண்டு மென்பொருள்களுக்கும் தனித்தனி உரிமங்கள், இரண்டையும் மதிக்க வேண்டும்.

மாணவர்களும் நிரலாளர்களும் கவலைப்பட வேண்டாம். உங்கள் கணினியில் அப்பாச்சியை ஓட்டி, அதே கணினியின் உலாவியில் பார்த்துப் பழகும்போது வேறு எந்தச் சாதனமும் உள்ளே வருவதில்லை. பக்கத்து இருக்கை நண்பர் ஒருமுறை திறந்து பார்ப்பது போன்ற சில்லறை விஷயங்களில் உரிமத்தின் சொற்கள் தெளிவாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நிறுவனத்தின் அன்றாட வணிகத்தை, நாற்பது பேர் நாள் முழுக்கப் பயன்படுத்தும் நிரலை, அந்தத் தெளிவின்மையின் மேல் கட்டுவது சரியில்லை.

நிரலின் சொந்த வரம்பும் சேர்ந்துகொள்ளும். மைக்ரோசாஃப்டின் இலவசத் தரவுத்தளமான சீக்வல் சர்வர் எக்ஸ்பிரஸ், 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி என்ற அளவோடு நின்றது. இதற்கும் விண்டோஸின் 20க்கும் தொடர்பில்லை.

விண்டோஸ் சர்வர் வாங்கினால் முடிந்ததா?

முடியவில்லை. அங்கே கட்டணம் இரண்டு பகுதி. இயந்திரத்துக்கு ஒன்று: செயலியின் கோர்களை, அதாவது அதற்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்பு அலகுகளை, எண்ணி வாங்க வேண்டும். ஒரு செயலிக்குக் குறைந்தது 8, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் உரிமங்கள். உங்கள் கணினியில் 4 கோர்கள்தான் என்றாலும் 16க்குக் கட்ட வேண்டும்.

அணுகுவோருக்கு இன்னொன்று. இதைத் துறையில் 'கேல்' என்பார்கள். ஒரு பயனரோ ஒரு சாதனமோ சர்வரை அணுகுவதற்கான உரிமம். ஒரே கணினியில் மூன்று ஷிஃப்ட் ஆட்கள் மாறி மாறி அமரும் இடத்தில் சாதனக் கேல் மலிவு. ஒருவரே மேசைக்கணினி, மடிக்கணினி, கைபேசி என்று மூன்றிலிருந்தும் நுழைந்தால் பயனர்க் கேல் மலிவு. கோப்புப் பகிர்வுக்கான கேல்களை விண்டோஸ் சர்வர் எண்ணிப் பார்த்து யாரையும் தடுப்பதில்லை. ஒன்றுகூட வாங்காமல் நூறு பேர் நுழையலாம், எல்லாம் ஓடும். ஓடுவது உரிமமாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வேறு கேல் வேண்டும். அதற்கு 120 நாள் அவகாசம் உண்டு, அதன்பின் அது உண்மையாகவே கதவை மூடிவிடும். 25 பயனர்கள், 50 சாதனங்களுக்கு உட்பட்ட சிறிய அலுவலகம் என்றால் கேல் தேவைப்படாத எசென்ஷியல்ஸ் பதிப்பை முதலில் விசாரியுங்கள்.

மற்ற இயங்குதளங்களில்

ஆப்பிள் ஒரு காலத்தில் மேக் சர்வர் இயங்குதளத்தைத் தனியாக விற்றது. 10.5 பதிப்பில் 10 பயனர்களுக்கு 499 டாலர், வரம்பில்லாததற்கு 999 டாலர். 2011இல் வந்த லயன் என்ற பதிப்பில் அது 49.99 டாலருக்கு ஒரு கூடுதல் செயலியாகச் சுருங்கியது. 2022 ஏப்ரலில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

லினக்ஸின் உரிமத்தில் இந்தப் பிரிவினையே கிடையாது. அதன் மையக்கருவின் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, நிரலை இயக்கும் செயலுக்குத் தடையில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நிபந்தனைகள் எல்லாம் நகலெடுப்பது, மாற்றுவது, பரப்புவது பற்றியவை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு டெஸ்க்டாப்பில் வலைச் சர்வரை நிறுவி ஆயிரம் பேருக்குத் திறந்துவிட்டாலும் எந்த உரிமமும் மீறப்படுவதில்லை. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் தொடங்கிய சாம்பா என்ற மென்பொருளை லினக்ஸில் நிறுவினால், அலுவலக விண்டோஸ் கணினிகள் அதை வழக்கமான பகிர்ந்த கோப்புறையாகவே பார்க்கும். 20 என்ற வரம்பு இல்லை. அங்கே விண்டோஸ் சர்வர் எதுவும் இல்லாததால் கேலும் தேவையில்லை. அதற்கு ஈடாக, லினக்ஸ் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவருக்கான சம்பளத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் எது மலிவு என்று பார்க்க வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் சாம்பா பகிர்வில் வைத்த தரவை ஏற்குமா என்பதை அதை விற்றவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில மென்பொருள்கள் விண்டோஸ் கணினியில்தான் தரவு இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். அப்படியென்றால், உங்கள் சாதனக் கணக்கு 20ஐத் தாண்டாதவரை அந்த விண்டோஸ் புரோ கணினியில் தரவுக் கோப்புறையைப் பகிர்ந்து பயன்படுத்த உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.